ஒரு காகத்தையும் விழுத்தாத துவக்குகள்



ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருக்கிறது. நேற்று அஸருக்குப் பிறகு வீட்டுச் சாமான் வாங்க கல்முனை பஸாருக்குப் போனேன். நடைபாதையில் விளையாட்டுச் சாமான் விரித்திருந்த ஒரு கடைக்கு முன்னால் கால் தானாக நின்றுவிட்டது. கடை போட்டிருந்தவன் என்னிடம் படித்த பிள்ளை.

"சேர், பேரப்பிள்ளைக்கா?" என்று கேட்டான்.

ராத்தாவுடைய பேரனுக்கு ஐந்து வயது. அதனால் ஓம் என்று சொன்னது முழுப்பொய் ஆகாது. ஆனால் ஒவ்வொரு துவக்காக எடுத்து, நிறை பார்த்து, குண்டு போடுகிற இடத்தைத் திறந்து மூடி, பத்துப் பதினைந்து நிமிசம் நின்றது அந்தப் பிள்ளைக்காக இல்லை. எனக்கு இப்போது 47 வயது. தரம் 6 தொடக்கம் சாதாரண தரம் வரை விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இந்த விசயத்தில் மட்டும் இன்னும் எட்டு வயதைத் தாண்டவில்லை.

நான் சொல்வது காற்றால் சுடுகிற விளையாட்டுத் துவக்குகளை. வயல்காரர்கள் குரங்குக்கும் மயிலுக்கும் கேட்கிற துவக்கின் கதை வேறு. பெருநாள் காசில் வாங்குகிற, மஃரிபுக்கு முன் உடைகிற சாதியைத்தான் சொல்கிறேன். என் வாழ்க்கையில் அப்படி நாலைந்து வாங்கியிருக்கிறேன். ஒன்றுகூட உருப்படியாகச் சுட்டதில்லை.

முதல் துவக்கு காசு கொடுத்து வாங்கியதில்லை, கையால் செய்தது. என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு சாண் நீளத்துக்கு மூங்கில் குழாய், அதற்குள் இறுக்கமாகப் போய்வருகிற ஒரு குச்சி. பழைய பேப்பரைச் சப்பி, ஈரமாக உருட்டி, ஒரு உருண்டையை முன்வாயில் அடைக்க வேண்டும். இன்னொன்றைப் பின்னால் வைத்துக் குச்சியால் தள்ள வேண்டும். டப் என்று முன் உருண்டை பறக்கும். பின் உருண்டை முன்னுக்கு வந்து அடுத்த குண்டாக நிற்கும். அடைபட்ட காற்றின் கனவளவைப் பாதியாக்கினால் அமுக்கம் இரு மடங்காகும் என்று ரொபர்ட் போயில் 1662இல் எழுதிவைத்ததை நாங்கள் எங்கள் எச்சிலால் நிரூபித்தோம். பத்து யார் தூரத்துக்கு நேராகப் போகும். உண்மையைச் சொன்னால், பிறகு நான் காசு கொடுத்து வாங்கிய எதுவும் அந்த மூங்கிலுக்குக் கிட்டவும் வரவில்லை. ஆனால் அதில் ஒரு குறை. அது துவக்கு மாதிரி இல்லை, குழாய் மாதிரி இருந்தது.

1986ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு மாமா, சாச்சா, மூத்தாப்பா எல்லாரும் தந்த பெருநாள் காசைச் சேர்த்து ஒரு தகரத் துவக்கு வாங்கினேன். சிவப்புப் பூச்சு, மரப்பிடி, முன்வாயில் ஒரு கார்க். கைப்பிடியை முன்னுக்கு இழுத்துப் பின்னுக்குத் தள்ளினால் காற்று அடைபட்டு, விசையை இழுத்ததும் பொப் என்று கார்க் பாயும். பாயும் என்றா சொன்னேன்? அந்தக் கார்க்கை ஒரு நூற்கயிற்றில் கட்டி, கயிற்றின் மறு நுனியைத் துவக்கிலேயே முடிந்திருந்தார்கள். கார்க் ஒரு முழம் போய், கயிறு இழுபட்டு, நாக்கைத் தொங்கப்போட்டது மாதிரித் தொங்கும்.

பெருநாள் தொழுகை முடிந்து மைதானத்தில் எல்லாப் பொடியன்களுக்கும் முன்னால்தான் முதல் தடவை சுட்டேன். அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் கிடக்கிறது. வீட்டுக்கு ஓடிவந்து உம்மாவுடைய கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டினேன். அடுத்த வெடிக்குக் கார்க் உண்மையாகவே பறந்தது. பறந்து, வளவுக்கு வெளியே இருந்த கானுக்குள் விழுந்தது. லுஹருக்குப் பாங்கு சொல்லவில்லை, அதற்குள் என் பெருநாள் முடிந்துவிட்டது.

வாப்பா ஒன்றும் ஏசவில்லை. "கயிறு எதுக்குக் கட்டியிருக்கான் எண்டு யோசிச்சியா மகன்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அப்போது கயிறு கட்டியவன்மேல் இருந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

நாலு வருசம் போனது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் பள்ளிவாசல்களுக்குள் தொழுதுகொண்டிருந்தவர்களுக்கு நடந்தது. ஒன்பது நாள் கழித்து ஏறாவூரில் நடந்தது. அதை இந்தப் பதிவில் நான் விபரிக்கப் போவதில்லை, வாசிக்கிற உங்களில் பலருக்கு அது குடும்பக் கதை. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் துவக்கு என்ற சொல்லின் நிறையே மாறிவிட்டது. ஊர்காவல் படையில் சேர்ந்த காக்காமார் இரவில் ஒற்றைக்குழல் துவக்கோடு சந்தியில் நிற்பார்கள். சுபஹு தொழுகைக்குப் போகும்போது அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வருசம் தொடக்கம் எங்கள் வீட்டில் பெருநாளுக்குத் துவக்கு வாங்குவது நின்றுபோனது. வாப்பா சட்டம் எதுவும் போடவில்லை. கடைக்கு முன்னால் வந்ததும் என் கையைப் பிடித்து மறுபக்கம் திருப்பிவிடுவார், அவ்வளவுதான். நானும் கேட்கவில்லை. ஆனால் ஆசை போகவில்லை, உள்ளுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

அது எழும்பியது 2003இல். நியமனம் கிடைத்து இரண்டு வருசம், கையில் சொந்தச் சம்பளம். போர்நிறுத்த காலம், பாதைகள் திறந்திருந்தன. ஒரு பயிற்சி வகுப்புக்குக் கொழும்புக்குப் போனவன் புறக்கோட்டை நடைபாதையில் ஒரு கைத்துப்பாக்கியைக் கண்டேன். கறுப்புப் பிளாஸ்டிக், அசல் மாதிரியே. மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்துவிட்டால் உள்ளே சுருளி இறுகும். 6 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் குண்டு. அந்தக் காலத்தில் வகுப்புக்கு உடுத்திக்கொண்டு போக என்னிடம் இரண்டு காற்சட்டைதான். மூன்றாவது வாங்க வைத்திருந்த காசு அது.

அசல் மாதிரி இருக்கிற சாமானைப் பையில் வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் கிழக்கு மாகாணத்துக்கு வருவதென்றால் என்ன என்று புறக்கோட்டையில் புத்தியில் படவில்லை. இடையில் ஒரு சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். பையைத் திறக்கச் சொன்னபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த ஐந்து நிமிசத்தை எப்படிச் சொல்ல? அடையாள அட்டையில் என் பெயர், பையில் ஒரு துப்பாக்கி, எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் தொண்டையில். என் வயதேயான ஒரு ராணுவத் தம்பி அதை வெளிச்சத்துக்கு எடுத்தார், நிறை பார்த்தார், சிரித்தார். இழுத்து, இருட்டுக்குள் ஒரு மரத்தைப் பார்த்துச் சுட்டார். குண்டு அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் விழுந்து உருண்டது. "இதுக்கா காசு குடுத்தீங்க, சேர்?" என்று சிங்களத்தில் கேட்டார். பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. வெட்கமும் நன்றியும் சேர்ந்து வந்த நேரம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து சோதித்துப் பார்த்தேன். 0.12 கிராம் நிறையுள்ள வெற்றுக் குண்டு, கொஞ்சம் காற்றடித்தாலே வழி மாறும். உம்மா காயவைத்த கருவாட்டுக்கு வருகிற காகத்துக்கு அடித்தால், காகம் தலையைச் சரித்துப் பார்த்துவிட்டுக் கருவாட்டோடு போகும். தம்பி ஒருவன் கெட்டப்போலில் கல்லை வைத்து இழுப்பது மாதிரிக் காட்டினாலே கூட்டமாகப் பறக்கிற காகங்கள் அவை. ஏமாந்துவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒன்றுக்கும் உதவாத சாமான் என்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து, வளவில் ஒரு தகரப் பேணியை வைத்துக் குறிபார்த்தேன். ராத்தாவின் மகன், ஆறு வயது, பின்னால் நிற்கிறான் என்றுதான் நினைத்தேன். பேணியில் பட்ட குண்டு திரும்பியது. பிள்ளை கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். அழவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. கையை எடுத்துப் பார்த்தால் கருமணிக்குக் கீழே மெல்லிய சிவப்புக் கோடு, உள்ளே இரத்தம் தேங்கி நின்றது. ஆஸ்பத்திரியில் தலையை உயர்த்திப் படுக்க வைத்து, சொட்டு மருந்து விட்டு, ஓட வேண்டாம், துள்ள வேண்டாம் என்று நாட்கணக்கில் வைத்திருந்தார்கள். ராத்தா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அல்ஹம்துலில்லாஹ், பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. காகத்தின் ஒரு இறகையும் அசைக்க முடியாத அதே வேகம்தான் ஒரு பிள்ளையின் கண்ணுக்குப் போதுமாக இருந்தது. வாப்பா அந்தத் துப்பாக்கியை வாங்கிக் கிணற்றுக்கட்டில் வைத்து ஒரே அடியில் உடைத்தார். அப்போது அவருக்கு 60 தாண்டியிருந்தது. உடைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றார். கயிற்றுக் கதையை அவர் திரும்பவும் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை.

இதோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். பாதி வந்தது. அதற்குப் பிறகு குண்டு பறக்கிற சாமானைத் தொடவில்லை. ஆனால் 2012இல், மறுபடியும் புறக்கோட்டை, குறுக்குத்தெரு ஒன்றில் ஒரு கடையின் உச்சித் தட்டில் அதைக் கண்டேன்.

நீளத் துவக்கு. கௌபோய் படத்தில் வருமே, விசைக்குக் கீழே வளையம் மாதிரிப் பிடி, அதை ஒரு கையால் கீழே தட்டி மேலே தட்டினால் அடுத்த குண்டு ஏறும். அந்தச் சாதி. எங்கள் ஊரில் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் விடிய விடியப் படம் போட்ட காலத்தில் ஜெய்சங்கரின் கங்காவை நான் மூன்று தடவை பார்த்தவன். தொப்பியும் குதிரையும் போனாலும் அந்த வளையப் பிடியின் சத்தம் மட்டும் எங்கேயோ தங்கிவிட்டது. கடைக்காரர் இறக்கித் தந்தார். தட்டினேன். க்ளக்-க்ளக். காசைக் கொடுத்துவிட்டேன். கொழும்பிலிருந்து வருகிற ஒரு லொறியில் சாமான்களோடு போட்டனுப்பினேன். பஸ்ஸில் கொண்டுபோகிற தைரியம் இந்தத் தடவை இல்லை.

உதவாத சாமான் என்றால் அதுதான் உதவாத சாமான். குண்டுகளை ஒவ்வொன்றாகக் குழலுக்குக் கீழே இருந்த ஒரு மெல்லிய குழாய்க்குள் தள்ள வேண்டும். ஆறு போட்டால் மூன்று இறுகும். இறுகினால் திருகாணி கழற்ற வேண்டும். நான் குண்டே போடவில்லை. இஷா தொழுது சாப்பிட்டு, பிள்ளைகள் படுத்த பிறகு, கதிரையில் இருந்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவேன். "பள்ளிக்குடத்துப் பிள்ளையள் பார்க்கணும் ஒங்கட கோலத்தை" என்று மனைவி சொல்வார்.

காற்றுத் துவக்கின் சரித்திரமே இப்படித்தான் என்று அவரிடம் வாதாடுவேன். 1780 அளவில் ஒஸ்திரிய இராணுவம் ஜிரார்தோனி என்று ஒரு காற்றுத் துவக்கை எடுத்தது. புகை இல்லை, மழைக்கு நனையாது, இருபது குண்டை அடுத்தடுத்துச் சுடலாம். அந்தக் காலத்துக்கு அதிசயம். ஆனால் அதன் காற்றுக் குடுவையை நிரப்ப கையால் ஆயிரத்து ஐந்நூறு தடவை அளவில் பம்ப் அடிக்க வேண்டும். உள்ளே இருக்கிற தோல் வளையம் காய்ந்தால் காற்று கசியும். யுத்தத்துக்கு ஒத்துவரவில்லை, கைவிட்டார்கள். அதே சாதித் துவக்கு ஒன்றை அமெரிக்காவில் லூயிஸும் கிளார்க்கும் 1803இல் தொடங்கிய பயணத்தில் கொண்டுபோனார்கள். போகிற இடமெல்லாம் பழங்குடி மக்களுக்குச் சுட்டுக் காட்டினார்கள், பார்த்தவர்கள் வியந்தார்கள். காட்சிக்குத்தான் அது அதிகம் உதவியது.

"அப்ப நீங்களும் காட்சிக்குத்தான் வச்சிரிக்கீங்க" என்றார் மனைவி. சரிதானே.

ஏன் அது எனக்கு அப்படிப் பிடித்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். துவக்கு என்றால் என்ன செய்யும் என்று பன்னிரண்டு வயதில் பக்கத்து ஊர்களில் கேட்டவன் நான். என் கையால் ஒன்று ஒரு பிள்ளையின் கண்ணில் என்ன செய்தது என்று பார்த்தவன். ஒன்றுமே செய்யாத ஒரு துவக்கை மடியில் வைத்துத் தட்டிப் பார்ப்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. கடைக்காரர்கள் பெட்டியில் பெரிய வேகக் கணக்கு அடித்து விற்கிறார்கள். எனக்கு வேகமே இல்லாத ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அப்படி ஏழு வருசம் அலுமாரிக்கு மேலே இருந்தது.

2019 ஏப்ரல் 21. பிறகு 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருது. அந்த நாட்களை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீடு வீடாகத் தேடுதல். மே மாதத் தொடக்கத்தில் வாள், கத்திகளை ஒப்படைக்கச் சொல்லிப் பொலிஸ் அறிவித்தபோது, குர்பானுக்கு வைத்திருந்த கத்தியை என்ன செய்வதென்று ஆட்கள் பள்ளிவாசலில் நின்று கதைத்தார்கள். அரபு எழுத்துள்ள கலண்டரைக் கழற்றியவர்களும் உண்டு. அன்றிரவு மனைவி அலுமாரியை அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

ஒப்படைக்கலாமா? ஒரு முஸ்லிம் வாத்தியார், ஒரு விளையாட்டுத் துவக்கை, அந்த வாரத்தில், பொலிஸுக்குக் கையில் தூக்கிக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள். கானில் போட்டால் யாராவது கண்டெடுத்து அது வேறு கதையாகும். எரித்தால் நாற்றம் ஊருக்கே வரும். கடைசியில் குசினிக் கதவைப் பூட்டிவிட்டு, ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்து, இரும்பரிவாளால் அரிந்தேன். சிமாட்டாக இருந்த மரநிறப் பிடி வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக், மேலே பூச்சு. நடுக்குழலை அரிந்ததும் சுருளி பாய்ந்து கோப்பைத் தட்டில் அடித்தது. நாங்கள் இரண்டு பேரும் உறைந்து நின்றோம். வெளியில் நாய் குரைத்து ஓய்ந்தது.

உள்ளே இருந்தது அவ்வளவுதான். ஒரு சுருளி, ஒரு பிளாஸ்டிக் ஆடுதண்டு, ஒரு றப்பர் வளையம். உடைந்துபோன கைத்துப்பாக்கிக்குள்ளும் இதேதான். தகரத் துவக்குக்குள்ளும் இதேதான் இருந்திருக்கும். முப்பத்து மூன்று வருசமாக நான் திரும்பத் திரும்ப ஒரே சுருளியைத்தான் வாங்கியிருக்கிறேன்.

துண்டுகளை மூன்று நாள் குப்பையில் பிரித்துப் போட்டோம். சுருளியை மட்டும் போட மனமில்லாமல் மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

நோன்பு தொடங்கி சில நாளில் எங்கள் ஒழுங்கைக்கும் வந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்தார்கள், சப்பாத்தைக் கழற்றவா என்றுகூட ஒருவர் கேட்டார். புத்தகங்களைப் பார்த்தார்கள், அலுமாரியைத் திறந்தார்கள், அலுமாரிக்கு மேலே கையால் துழாவினார்கள். தூசியில் நீளமாக ஒரு தடம் இருந்தது. நான் துடைக்க மறந்திருந்தேன். அதைக் கண்டவர் கையைத் தட்டிக்கொண்டு இறங்கினார். பிறகு லாச்சியை இழுத்தார், சுருளியை எடுத்தார். என்ன இது என்று கேட்டார்.

"விஞ்ஞான வகுப்புக்கு" என்றேன். இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். விட்டார். வைத்துவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு மனைவி நோன்போடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். வகுப்புக்கு என்று வாயால் சொல்லிவிட்டதால் அடுத்த வாரமே அந்தச் சுருளியைப் பாடசாலைக்குக் கொண்டுபோனேன். வாசலில் பிள்ளைகளின் பைகளைத் திறந்து பார்க்கிற முறை அன்றைக்கு எனக்கு. என் பையை யாரும் பார்க்கவில்லை. இப்போதும் ஆய்வுகூட அலுமாரியில் இருக்கிறது. சக்தி பற்றிய பாடத்துக்கு அதையும் ஒரு மூங்கில் குழாயையும் எடுத்துப் போவேன். பேப்பரைச் சப்புவது சுகாதாரம் இல்லை என்பதால் தண்ணீரில் நனைக்கிறோம். சத்தம் முன்புபோல் வருவதில்லை.

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன். பையனின் கடையில் இருந்ததெல்லாம் குண்டு பறக்கிற சாமான். மஞ்சள் குண்டுகள் பொலித்தீன் பையில், நூறு நூறாக. ஒன்றை எடுத்து விசையை இழுத்தேன், என் உள்ளங்கையில் பிடித்து. சுள்ளென்றது. 2003ஐ விட இப்போது நன்றாகச் செய்கிறார்கள்.

அன்றைக்குக் கண்ணில் அடிபட்ட மருமகன்தான் அந்த ஐந்து வயதுப் பிள்ளையின் வாப்பா. காலையிலேயே போன் எடுத்துச் சொல்லியிருந்தான்: "மாமா, பெருநாளுக்கு மகனுக்கு என்னத்தையும் வாங்குங்க. துவக்கு மட்டும் வேணாம்." பிறகு சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

துவக்கைத் திரும்ப வைத்தேன். பிறகு கேட்டுப் பார்த்தேன். "தம்பி, அந்தக் காலத்தில தகரத்தில ஒண்டு வரும். முன்னுக்குக் கார்க் வச்சி, கயிறு கட்டினது. அது இல்லியா?"

பையன் யோசித்தான். பக்கத்துக் கடைக்காரரிடமும் கேட்டான்.

"கயிறு கட்டினதெல்லாம் இப்ப வாறல்ல சேர்."